தொலைவு தரும் துணிச்சல்: அமெரிக்க யூத வேலைவாய்ப்பு அமைப்புகளும் அவற்றின் ஆண்டு மாநாடும்

பாஸ்டன் நகரில் ஜூயிஷ் வொக்கேஷனல் சர்வீஸ் என்றோர் அமைப்பு 1938 முதல் இயங்கிவருகிறது. சுருக்கமாக ஜே.வி.எஸ். யூதர்களுக்காக யூதர்கள் நடத்தும் வேலைவாய்ப்பு அலுவலகம் என்றுதான் பெயரைக் கேட்டதும் தோன்றும். தொடங்கியபோது அப்படித்தான் இருந்தது. இன்றோ அதன் ஆங்கில வகுப்புகளிலும் தொழிற்பயிற்சிகளிலும் சேர்பவர்களில் பெரும்பாலோர் யூதர்கள் அல்லர். பல நாடுகளிலிருந்து வந்த குடியேறிகள், அகதிகள், குறைந்த கூலிக்கு உழைப்பவர்கள். செலவில் பெரும்பகுதியை அரசு ஒப்பந்தங்களும் மானியங்களும் ஈடுசெய்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸ், பிலடெல்பியா, டெட்ராய்ட் ஆகிய நகரங்களின் சகோதர அமைப்புகளைப் பார்த்தாலும் ஏறக்குறைய இதே நிலைதான்.

பெயர் ஒரு சமூகத்துடையது, பணம் அரசினுடையது, பயனாளி ஊருக்குப் புதியவர். இந்த மூன்றையும் இத்தனை காலம் ஒன்றாகப் பிணைத்து வைத்திருப்பது எது? சமய மரபு என்பார்கள், கொடையாளர்களின் விசுவாசம் என்பார்கள். இரண்டும் உண்மையே. ஆனால் ஆய்வாளர்கள் அதிகம் கண்டுகொள்ளாத இன்னொன்றும் உண்டு. இந்த அமைப்புகளின் நிர்வாகிகளும் ஊழியர்களும் நிர்வாகக்குழு உறுப்பினர்களும் ஆண்டுதோறும் ஓரிடத்தில் கூடிப் பேசும் மாநாடுதான் அது. சடங்குபோலத் தெரியும் இக்கூட்டத்தின் வழியாகத்தான் ஒரு தொழில்துறையின் அறிவு முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கைமாறி வந்திருக்கிறது. அதன் வலிமை எங்கே இருக்கிறதோ அங்கேயேதான் அதன் ஓட்டையும் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கைத்தொழிலும் கடமையும்

மகனுக்கு ஒரு தொழிலைக் கற்றுத்தருவது தந்தையின் கடமைகளுள் ஒன்று என்கிறது யூதச் சட்ட நூலான தால்முத். 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடெஸ் தம் ‘மிஷ்னே தோரா’வில் ஈகையை எட்டுப் படிகளாக வரிசைப்படுத்தினார். மனமில்லாமல் கொடுப்பது கடைசிப் படி. நொடித்துப்போனவருக்குக் கடன் தந்தோ, தொழிலில் பங்காளியாக்கியோ, வேலை தேடித் தந்தோ அவர் இனிக் கையேந்த வேண்டாத நிலையை உண்டாக்குவது முதற்படி. அமெரிக்க யூத வேலைவாய்ப்பு அமைப்புகளின் ஆண்டறிக்கைகளில் மைமோனிடெஸின் பெயர் அடிக்கடி தலைகாட்டுவதன் காரணம் இதுதான்.

ஆனால் சமயக் கருத்து மட்டுமே அலுவலகம் திறந்துவிடாது. 1881 முதல் 1924 வரை ரஷ்யப் பேரரசிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவின் பிற பகுதிகளிலிருந்தும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில் காற்றோட்டமில்லாத அடுக்கு வீடுகளில் குடியேறி ஆடைத் தொழிலில் விழுந்தார்கள். முந்தைய தலைமுறையில் வந்து வசதியாகிவிட்டிருந்த ஜெர்மானிய யூதர்களுக்கு இது இரக்கத்தையும் கூடவே சங்கடத்தையும் தந்தது. வறுமை ஒரே இடத்தில் குவிந்து கண்ணில் பட்டால் யூத வெறுப்பு தங்கள்மேலும் பாயும் என்று அஞ்சினார்கள்.

விடையாக எழுந்தவை தொழிற்பள்ளிகள். நியூயார்க்கில் 1884இல் ஹீப்ரூ டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட் தொடங்கப்பட்டது. ரயில்பாதைத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய பாரன் மொரிஸ் டி ஹிர்ஷ் 1891இல் நிறுவிய நிதியத்தின் தொழிற்பள்ளி, குழாய் வேலை, வண்ணம் பூசுதல், மின்வேலை போன்றவற்றைச் சில மாதங்களில் கற்றுத்தந்தது. 1901இல் பிறந்த இண்டஸ்ட்ரியல் ரிமூவல் ஆஃபீஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. நியூயார்க்கில் வேலையின்றி நெருக்கியடித்துக் கிடந்தவர்களை நாட்டின் உட்பகுதி ஊர்களுக்கு அனுப்பி அங்கே வேலையில் அமர்த்துவதுதான் அதன் பணி. 1922க்குள் சுமார் 79,000 பேரை இப்படி அனுப்பிவைத்தது. அனுப்புகிறவர் நியூயார்க்கில், ஏற்றுக்கொள்கிறவர் எங்கோ ஒரு சிற்றூரில். கடிதப் போக்குவரத்து இல்லாமல், ஒருவரையொருவர் அறியாமல் இந்த வேலை நடந்திருக்காது. பல நகரங்களின் தரும அமைப்புகள் சேர்ந்து யூதத் தரும அமைப்புகளின் தேசிய மாநாட்டை 1899இல் உருவாக்கி, அடுத்த ஆண்டு சிகாகோவில் முதன்முறையாகக் கூடியதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தொழில் வழிகாட்டல் என்ற துறையே இதே குடியேறிகள் மத்தியில்தான் உருக்கொண்டது. ஃபிராங்க் பார்சன்ஸ் 1908இல் பாஸ்டனில் தொடங்கிய வொகேஷன் பியூரோ, குடியேறிகள் மிகுந்த வடகோடிப் பகுதியின் சிவிக் சர்வீஸ் ஹவுஸ் என்ற சமூக சேவை இல்லத்துடன் இணைந்து பிறந்தது. அதே ஆண்டில் பார்சன்ஸ் இறந்துபோக, பணியை முன்னெடுத்தவர்களுள் முதன்மையானவர் ருமேனியாவிலிருந்து சிறுவயதில் வந்த யூதரான மேயர் புளூம்ஃபீல்ட். தொழில் வழிகாட்டலுக்கான முதல் தேசிய மாநாடு 1910இல் கூடியதும் பாஸ்டனில்தான். இத்துறை பிறந்த உடனேயே மாநாடு போட்டது தற்செயலன்று. பாடநூலும் பட்டப்படிப்பும் இல்லாத ஒரு தொழிலை, அதைச் செய்கிறவர்கள் நேரில் பேசித்தானே கற்றுக்கொள்ள முடியும்?

மூடிய கதவுகள்

1930களில் கேள்வி மாறியது. குடியேறிகளின் பிள்ளைகள் ஆங்கிலம் பேசினார்கள், பள்ளிப்படிப்பை முடித்திருந்தார்கள், பலர் கல்லூரியும் போயிருந்தார்கள். ஆனாலும் வேலை கிடைக்கவில்லை. பொருளாதாரப் பெருமந்தம் எல்லாரையும் வாட்டியது; யூதர்களுக்குக் கூடுதலாக இன்னொரு தடை இருந்தது. கிறிஸ்தவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று நாளிதழ் விளம்பரங்கள் வெளிப்படையாகவே கூறின. பல வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் யூத இளைஞர்களை எழுத்தர் நாற்காலியில்கூட உட்காரவைக்கத் தயங்கின. தனியார் வேலைவாய்ப்பு முகவர்களும் விண்ணப்பத்தில் சமயத்தைக் குறித்துக்கொண்டார்கள். இத்தகைய பாகுபாட்டைத் தடைசெய்யும் முதல் மாநிலச் சட்டம் நியூயார்க்கில் 1945இல்தான் வந்தது. நாடு முழுவதற்குமான சட்டத்துக்கு 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

லாஸ் ஏஞ்சலிஸில் 1931, நியூயார்க்கில் 1934, பாஸ்டனில் 1938, பிலடெல்பியாவிலும் டெட்ராய்ட்டிலும் 1941 என நகரத்துக்கு நகரம் யூத வேலைவாய்ப்பு அமைப்புகள் முளைத்த காலம் இது. ப்னாய் ப்ரித் என்ற யூத அமைப்பும் 1938இல் தன் தொழில் வழிகாட்டல் பிரிவைத் தொடங்கியது. இதற்கிடையே ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், வணிகர்கள் கப்பலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெர்லினில் வாதாடிய வழக்கறிஞரின் சட்ட அறிவு நியூயார்க்கில் செல்லாக்காசு. அவரை எந்த வேலைக்குத் திருப்புவது? எந்த ஊருக்கு அனுப்புவது? ஒரு நகரத்து அலுவலகம் தனியாக விடை காண முடியாத கேள்விகள் இவை.

1939இல் ஜூயிஷ் ஆக்குபேஷனல் கவுன்சில் உருவானது இதனால்தான். தனித்தனியாக இயங்கிய அமைப்புகளை ஒருங்கிணைப்பதும், எந்தத் தொழிலில் ஆள் தேவை, எங்கே கதவு மூடியிருக்கிறது என்ற தகவலைத் திரட்டுவதும் அதன் பணி. பின்னாளில் அது யூதத் தொழில்வழிகாட்டல் சேவைகளின் தேசியச் சங்கமாகவும், கனடா, இஸ்ரேல் அமைப்புகளையும் உள்ளடக்கிய பன்னாட்டுச் சங்கமாகவும் பெயர் மாறியது. ஐ.ஏ.ஜே.வி.எஸ். என்ற ஆங்கில எழுத்துச் சுருக்கத்தால் அறியப்பட்டது இந்தப் பன்னாட்டுச் சங்கம்தான். ஆண்டு மாநாடு அதன் முதன்மையான நிகழ்ச்சியாக இருந்துவந்தது.

மேசைமேல் 28 வேலைகள்

போருக்குப் பிறகு வெளிப்படையான பாகுபாடு தளரத் தளர, யூத இளைஞர்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்தை நாடுவது குறைந்தது. அலுவலகங்கள் மூடப்பட்டிருக்கலாம். ஆனால் அவை வேறு பக்கம் திரும்பின. யாருக்கு வேலை கிடைப்பது இன்னமும் கடினம் என்று கேட்டுக்கொண்டன. மாற்றுத்திறனாளிகள், மனநோயிலிருந்து மீள்பவர்கள், முதியவர்கள் என்று பட்டியல் நீண்டது.

இதற்கு முன்னோடி ஒன்று இருந்தது. நியூயார்க்கில் 1915இல் தொடங்கிய ஆல்ட்ரோ பட்டறையில் காசநோயிலிருந்து தேறிவந்த யூதத் தொழிலாளர்கள் சீருடை தைத்தார்கள். மருத்துவர் கண்காணிப்பில் முதலில் சில மணி நேரம், உடம்பு தேறத் தேற இன்னும் கொஞ்சம் என்று வேலை நேரம் கூடியது. சானடோரியத்திலிருந்து நேரே தையல் கூடத்துக்குத் திரும்பியவர்கள் மறுபடி நோயில் விழுவதைக் கண்டு வகுத்த வழி இது. வேலையையே மருந்தாக அளந்து கொடுக்கலாம் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது.

1950களில் சிகாகோ ஜே.வி.எஸ். இந்த எண்ணத்தை இன்னும் கூர்மையாக்கியது. அதன் தலைவர் வில்லியம் கெல்மனும் ஆய்வாளர் வால்டர் நெஃபும் கவனித்தது இது: வேலையை இழக்கிறவர்களில் பலருக்குக் கைத்திறன் குறைவில்லை. மேற்பார்வையாளர் சொல்வதை எடுத்துக்கொள்ளும் பக்குவம், உடன் உழைப்பவரோடு ஒத்துப்போதல், நேரத்துக்கு வருதல் ஆகியவற்றில்தான் இடறுகிறார்கள். பேச்சு ஆலோசனையால் இவற்றைச் சரிசெய்வது கடினம். எனவே உண்மையான ஆர்டர், உண்மையான கூலி, உண்மையான மேற்பார்வையாளர் கொண்ட பட்டறையிலேயே ஒருவரைப் பழக்கினார்கள். 1954இல் தொழில்சார் மறுவாழ்வுச் சட்டம் விரிவுபெற்று ஆராய்ச்சிக்கும் முன்னோட்டத் திட்டங்களுக்கும் கூட்டரசுப் பணம் தாராளமாகக் கிடைத்ததும் இத்தகைய பரிசோதனைகள் பெருகின.

பிலடெல்பியாவின் ஜூயிஷ் எம்ப்ளாய்மென்ட் அண்ட் வொக்கேஷனல் சர்வீஸ், அதாவது ஜே.ஈ.வி.எஸ்., 1960களில் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஆதரவோடு உருவாக்கிய மாதிரி வேலை மதிப்பீட்டு முறையைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்ப்போம். எழுத்துத் தேர்வில் தோற்றுப்போகிறவர்களின் உண்மைத் திறனை எப்படிக் கண்டறிவது என்பதுதான் அதன் கேள்வி. மொத்தம் 28 சிறு வேலைகள். முதலில் மரையாணியில் நட்டும் வாஷரும் மாட்ட வேண்டும். அடுத்து ரப்பர் முத்திரை குத்துதல், ஓடுகளை நிறம்பிரித்தல், ஆணியும் திருகும் தரம்பிரித்தல். பிறகு கோப்புகளை எண்வரிசையில் அடுக்குதல், பூட்டைக் கழற்றிப் பூட்டுதல், தொலைபேசிக் கருவியைப் பொருத்துதல். இன்னும் மேலே போனால் சம்பளக் கணக்குப் போடுதல், தபால் கட்டணம் கணித்தல், ரவிக்கை தைத்தல். எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசை போகும். மதிப்பீட்டாளர் கடிகாரத்தையும் பார்ப்பார், ஆளையும் பார்ப்பார். தப்பு வந்தால் முகம் சுளிக்கிறாரா, சந்தேகம் கேட்கிறாரா, உணவு இடைவேளைக்குப் பிறகு சரியாகத் திரும்புகிறாரா என்றெல்லாம் குறித்துக்கொள்வார். சில நாள்களில் கிடைக்கும் இந்தச் சித்திரம் எந்தத் தேர்வுத்தாளும் தராதது. யூதர்களுக்காகத் தொடங்கிய ஓர் அமைப்பில் உருவான இந்தக் கருவி, நாடெங்கும் கறுப்பினத்தவர் உள்ளிட்ட வறிய மக்களை மதிப்பிடப் பயன்பட்டது.

இத்தகைய அறிவு காப்புரிமைபோலப் பூட்டிவைக்கப்படவில்லை. யூதச் சமூகப் பணியாளர்களின் ஆண்டு மாநாட்டில் படிக்கப்பட்ட கட்டுரைகள் அவர்களது காலாண்டிதழில் அச்சாயின. சிகாகோவில் கண்டது கிளீவ்லாந்துக்கும் மில்வாக்கிக்கும் சென்றது. மாநாடு பல்கலைக்கழகமாகவும் இதழ் பாடநூலாகவும் இருந்த காலம் அது.

கூடிப் பேசுவதில் என்ன இருக்கிறது?

யூத அமைப்புகளின் மாநாடுகள் பொதுவாக ஞாயிற்றுக்கிழமை தொடங்கி வாரத்தின் முதல் நாள்களிலேயே முடிந்துவிடும். வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை ஓய்வுநாள் என்பதால் இந்த ஏற்பாடு. சாப்பாட்டுக் கூடத்தில் யூத உணவு விதிகளுக்கு உட்பட்ட கோஷர் உணவு. நிகழ்ச்சி நிரலில் பொது அமர்வு, பயிலரங்கு, விருது, நடத்தும் நகரத்து அமைப்பைச் சுற்றிப் பார்த்தல் என்று எந்தத் தொழில் மாநாட்டிலும் இருப்பவை இருக்கும். இவற்றுக்கு அப்பால் இந்த மாநாட்டுக்கு ஒரு தனிச் சாதகம் உண்டு.

ஒரே நகரத்தில் இரண்டு தொண்டு நிறுவனங்கள் இருந்தால் ஒரே டெண்டருக்கு இரண்டும் போட்டியிடும், ஒரே கொடையாளர் வீட்டுக் கதவை இரண்டும் தட்டும். ஒன்று தன் வரவுசெலவை மற்றொன்றிடம் காட்டாது. ஆனால் பிலடெல்பியா அமைப்பும் லாஸ் ஏஞ்சலிஸ் அமைப்பும் ஒருபோதும் மோதிக்கொள்ளப் போவதில்லை. கொடையாளர்கள் வேறு, மாநில அரசு வேறு, பயனாளிகள் வேறு. அதே நேரம் இரண்டும் பணிந்து நடக்க வேண்டிய கூட்டரசுச் சட்டம் ஒன்றே. 1962இன் மனிதவள மேம்பாட்டுச் சட்டம் தொடங்கி, 1998இன் தொழிலாளர் முதலீட்டுச் சட்டம், 2014இல் அதன் இடத்துக்கு வந்த தொழிலாளர் புத்தாக்க வாய்ப்புச் சட்டம் வரை, விதி ஒவ்வொரு முறை மாறும்போதும் எல்லா நகரங்களிலும் ஒரே தலைவலி. பகைக்குக் காரணம் இல்லை, பேசுவதற்கு விஷயம் ஏராளம். ஒப்பந்தத்தில் எந்த வரி கையைக் கடித்தது, எந்தப் பயிற்சிக்கு ஆள் சேரவில்லை, எந்தத் திட்டம் ஒன்றரை ஆண்டில் படுத்துவிட்டது என்பதையெல்லாம் தொலைவில் இருப்பவரிடம் கூசாமல் சொல்லலாம். தொலைவு தரும் இந்தத் துணிச்சல்தான் மாநாட்டின் உண்மையான மூலதனம்.

மாற்றுத்திறனாளிப் பட்டறைகளின் கதை இதற்கு நல்ல சான்று. 1938இன் நியாயத் தொழில்தரச் சட்டத்தில் உள்ள ஒரு பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்க அனுமதி தந்தது. ஒருகாலத்தில் புரட்சியாகத் தெரிந்த பாதுகாப்புப் பட்டறை, பிற்காலத்தில் ஒதுக்கிவைக்கும் இடமாகப் பார்க்கப்பட்டது. பொது நிறுவனத்தில், மற்றவர்களோடு சேர்ந்து, அதே கூலிக்கு வேலை என்பதே இலக்கு என்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் அழுத்தம் கொடுத்து, இளையவர்களைக் குறைகூலி வேலைக்கு அனுப்புவதற்குக் கடுமையான நிபந்தனைகளையும் விதித்தது. பல்லாண்டாகப் பட்டறை நடத்திய அமைப்புகளுக்கு இது அடித்தளமே ஆடும் மாற்றம். பட்டறையைப் படிப்படியாக எப்படிக் குறைப்பது, கவலைப்படும் பெற்றோரிடம் என்ன சொல்வது என்பதற்கு அரசுச் சுற்றறிக்கையில் விடை இருக்காது. ஏற்கெனவே செய்து பார்த்தவர் வாயிலிருந்துதான் அது வர வேண்டும்.

நம்மவர் யார் என்ற பழைய கேள்வியும் இங்கேதான் திரும்பத் திரும்ப எழுகிறது. 1970களிலும் பிறகு 1989ஐ ஒட்டியும் சோவியத் யூதர்கள் பெருமளவில் வந்தபோது கேள்வி சற்று அடங்கியது. பொறியியல் பட்டமும் அனுபவமும் கொண்டவர்கள், ஆனால் தன்விவரக் குறிப்பு எழுதியோ நேர்காணலில் தம்மைப் பற்றித் தாமே உயர்வாகச் சொல்லியோ பழக்கமில்லாதவர்கள். அவர்களை ஆயத்தப்படுத்தப் பிறந்த பாடத்திட்டங்களின் அனுபவம் பின்னர் வந்த பிற அகதிகளுக்கும் கைகொடுத்தது. அரசுப் பணத்தில் நடக்கும் திட்டம் சமயம் பார்த்து ஆளைச் சேர்க்க முடியாது என்பது சட்டம். அதைத் தாண்டி, நமக்குக் கதவு மூடியிருந்த அனுபவம்தான் இன்னொருவருக்குக் கதவு திறக்கும் தகுதியை நமக்குத் தருகிறது என்று விளக்கம் சொல்கிறார்கள் பலர். சமூகத்தின் கொடைப் பணம் முதலில் சமூகத்துக்கு என்று வாதிடுவோரும் உண்டு. இரு தரப்பும் ஒரே கூரையின் கீழ் வாதாடும் இடம் மாநாடு.

மாநாட்டில் மதிப்புப்பெறும் சரக்கும் காலப்போக்கில் மாறியது. வேலை கிடைத்தவரின் கண்ணீர்க் கதை ஒருகாலத்தில் போதுமானதாக இருந்தது. இப்போது சான்று கேட்கிறார்கள். 2010இல் வெளியான ஓர் ஆய்வு பாஸ்டன் ஜே.வி.எஸ். உள்ளிட்ட மூன்று அமைப்புகளின் பயிற்சியைக் குலுக்கல் முறையில் பிரித்த இரு குழுக்களைக் கொண்டு சோதித்தது. மொத்தம் 1,286 பேர். பயிற்சி வாய்ப்புப் பெற்றவர்கள் இரண்டு ஆண்டுகளில் மற்றவர்களைவிட ஏறத்தாழ 18 விழுக்காடு, அதாவது சுமார் 4,500 டாலர் கூடுதலாக ஈட்டினார்கள். 2017இல் அதே பாஸ்டன் அமைப்பை நம்பி மாசசூசெட்ஸ் அரசு, பலன் கிடைத்தால் மட்டுமே பணம் என்ற அடிப்படையில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முதலீட்டாளர்கள் 1.24 கோடி டாலருக்கு மேல் போட்டார்கள். ஆங்கிலம் கற்கும் சுமார் 2,000 பெரியவர்களின் வருமானம் உயர்கிறதா என்பதே அளவுகோல்.

கணக்குப் புத்தகம் திறக்காத இடம்

துணிச்சலுக்கும் எல்லை உண்டு என்பதை நியூயார்க் காட்டிக்கொடுத்தது. 1934இல் பெருமந்தத்தின் நடுவே வேலைவாய்ப்பு அலுவலகமாகத் தொடங்கிய எஃப்.ஈ.ஜி.எஸ்., இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளைகளில் ஒன்று, மிகப் பெரியதும்கூட. 2010களில் அது மனநலம், வீட்டுவசதி, மாற்றுத்திறனாளிப் பராமரிப்பு எனப் பரந்து, ஆண்டுக்கு 25 கோடி டாலர் அளவுக்குப் புழங்கிய பெரும் நிறுவனம். ஊழியர்கள் ஏறத்தாழ 2,000 பேர். ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளிகள். 2015 ஜனவரியில் 1.94 கோடி டாலர் இழப்பு என்ற செய்தி வெளிவந்தது. சில வாரங்களுக்குள் நிறுவனத்தை மூடப்போவதாக அறிவிப்பு. மார்ச் மாதத்தில் திவால் மனு. 80 ஆண்டு மரம் ஒரே குளிர்காலத்தில் சாய்ந்தது. அதன் திட்டங்கள் பிற அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன.

இந்த வீழ்ச்சிக்குப் பிறகு நியூயார்க் மனிதச் சேவை அமைப்புகளின் கூட்டமைப்பு நியமித்த குழு 2016இல் அளித்த அறிக்கை, ஒரு நிறுவனத்தின் நிர்வாகத்தோடு நிற்கவில்லை. அரசு ஒப்பந்தங்கள் சேவையின் முழுச் செலவையும் ஈடுகட்டுவதில்லை, பணமும் தாமதமாக வருகிறது, ஒவ்வொரு புதிய ஒப்பந்தமும் பள்ளத்தை ஆழப்படுத்துகிறது என்றது. வளர்ச்சி என்று கைதட்டல் வாங்கியதே உள்ளுக்குள் கடனாகத் திரண்டிருக்கிறது.

இங்கே மாநாட்டின் வரம்பு தெளிவாகிறது. அங்கே பேசப்படும் உண்மை விரும்பிச் சொல்லும் உண்மை. தோற்றுப்போன ஒரு பயிற்சித் திட்டத்தைப் பற்றிச் சொல்வதில் கௌரவக் குறைவு இல்லை, அடக்கத்துக்குப் பாராட்டுக்கூடக் கிடைக்கும். நிறுவனத்தின் கையிருப்பு எத்தனை மாதச் சம்பளத்துக்குத் தாங்கும் என்பது வேறு வகை உண்மை. அதைக் கேட்கும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை. கேட்டால் அந்த உறுப்பினர் அடுத்த ஆண்டு வராமல் இருந்துவிடலாம். உறுப்பினர் சந்தாவில் வாழும் சங்கம் உறுப்பினரைத் தணிக்கை செய்வது எளிதல்ல.

பெரிய கூடாரம்

2017இல் ஐ.ஏ.ஜே.வி.எஸ்., 1972இல் தோன்றிய யூதக் குடும்ப, குழந்தை நல அமைப்புகளின் சங்கத்தோடு இணைந்து யூத மனிதச் சேவை அமைப்புகளின் வலையமைப்பாக மாறியது. பல நகரங்களில் உள்ளூர் அளவிலும் இதே ஓட்டம்தான். மான்ட்ரியலில் 2008இலேயே வேலைவாய்ப்பு, குடும்ப நலம், குடியேறிகள் உதவி ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்து ஏஜென்ஸ் ஒமெட்ஸ் ஆகியிருந்தது. வேலையிழந்து வருகிறவருக்கு வீட்டு வாடகைப் பிரச்சினையும் மனச்சோர்வும் சேர்ந்தே இருக்கின்றன, மூன்று கதவுகளைத் தட்டச் சொல்வது நியாயமில்லை என்பது இணைப்புக்கான வாதம். நிர்வாகச் செலவு குறையும் என்பது அடுத்தது.

இழப்பும் உண்டு. முன்பு முழு மாநாடும் வேலையைப் பற்றியே பேசியது. இப்போது முதியோர் பராமரிப்பு, இன அழிப்பிலிருந்து தப்பியவர்களுக்கான உதவி, உணவு வங்கி, குடும்ப ஆலோசனை ஆகியவற்றோடு வேலைவாய்ப்பும் ஓர் அமர்வு வரிசை. நட்டும் வாஷரும் மாட்டும் நேரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் வாதாடக்கூடிய கூட்டம் எங்கே கூடும் என்ற கவலைக்கு இடமிருக்கிறது. நுட்பம் என்பது ஒரே தொழில் செய்பவர்கள் அலுக்காமல் பேசிக்கொள்வதில்தான் வளர்கிறது.

ஆயினும் கூடாரம் பெரிதானதில் ஒரு வாய்ப்பு ஒளிந்திருக்கிறது. சிறிய சங்கத்தில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள், சங்கடமான கேள்வியைக் கேட்பது கடினம். 100க்கும் மேற்பட்ட அமைப்புகளைக் கொண்ட வலையமைப்பு, நிதிநிலையை ஒப்பிடும் பொது அளவுகோல்களை வகுத்து, பெயர் வெளியிடாமலேனும் ஒவ்வோர் அமைப்புக்கும் அதன் இடத்தைக் காட்ட முடியும். திறமையைப் பகிரக் கற்றுக்கொண்டவர்கள் பலவீனத்தையும் பகிரப் பழக வேண்டும்.

ஒருவர் இனிக் கையேந்த வேண்டாத நிலையை உண்டாக்குவதே உயர்ந்த ஈகை என்று மைமோனிடெஸ் சொன்னது தனிமனிதரை மனத்தில் வைத்து. இன்று அதே சோதனை அந்த ஈகையைச் செய்யும் நிறுவனங்களுக்கும் பொருந்துகிறது. குறைவாகக் கொடுக்கும் அரசு ஒப்பந்தத்தை எப்போது மறுப்பது, எவ்வளவு கையிருப்போடு புதிய பொறுப்பை ஏற்பது என்பவை இனி ஒவ்வொரு நகரமும் தனியே முடிவெடுக்கும் இரகசியங்களாக இருக்க முடியாது. ஆண்டு மாநாட்டின் அடுத்த தலைமுறைப் பணி அதுதான். அதைச் செய்யாத மாநாடு விருது விழாவாகச் சுருங்கும்; செய்யத் துணிந்தால், பேச்சைத் தொழிலறிவாக மாற்றிய தன் பழைய பெருமைக்கு அது மறுபடி உரியதாகும்.